ஸ்மித் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கிலும் மிக அதிகமானவர்கள் வைத்திருக்கும் குடும்பப் பெயர் ஸ்மித். செய்தி எழுதுவோர், மொழிபெயர்ப்போர், ஆய்வு மாணவர்கள், வெளிநாட்டு அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதுவோர் ஆகியோரிடமிருந்து இந்தப் பெயரை ஒட்டி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். ஸ்மித்துக்குச் சொல்வதில் பெரும்பகுதி மற்ற ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்கும் பொருந்தும்.

ஸ்மித் என்றால் என்ன பொருள்?

உலோக வேலை செய்பவர். பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல் இது. ஜெர்மனின் ஷ்மிட், டச்சின் ஸ்மிட், ஸ்வீடிஷின் ஸ்மெட் எல்லாம் இதே வேரிலிருந்து வந்தவை. இரும்பு மட்டும்தான் என்றில்லை, தங்கம், தகரம், செம்பு என்று எந்த உலோகத்தில் வேலை செய்தாலும் ஸ்மித்தான். இன்றைய ஆங்கிலத்தில் தொழிலைக் குறிக்கும்போது இந்தச் சொல் பெரும்பாலும் தனியாக வராது. பிளாக்ஸ்மித் (இரும்புக் கொல்லர்), கோல்ட்ஸ்மித் (பொற்கொல்லர்), லாக்ஸ்மித் (பூட்டு வேலைக்காரர்) என்று கூட்டுச்சொல்லாகவே வரும். பெயராக வரும்போது முதல் எழுத்து பெரிய எழுத்து, தொழிலாக வரும்போது சிறிய எழுத்து.

அப்படியானால் தமிழில் ‘கொல்லர்’ என்று மொழிபெயர்க்கலாமா?

கூடாது. பெயர் ஆளைச் சுட்டுகிறது, அவர் தொழிலைச் சுட்டுவதில்லை. ஆடம் ஸ்மித் 1723-ல் ஸ்காட்லாந்தின் கிர்க்கால்டியில் பிறந்தவர். பேராசிரியராக இருந்தார், பிறகு சுங்க வாரிய ஆணையராக இருந்தார். பட்டறைக்கும் அவருக்கும் தொடர்பில்லை. பெயரின் மூலப்பொருள் கட்டுரைக்குத் தேவைப்பட்டால் ஓர் இடத்தில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, மற்ற இடங்களில் ஸ்மித் என்றே எழுதுங்கள்.

தொழில் எப்போது குடும்பப் பெயராக மாறியது?

1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த காலத்தில் சாதாரண மக்களுக்கு ஒரே பெயர்தான். ஊரில் நாலைந்து ஜான்கள் இருந்தால் ‘மில்லுக்காரர் ஜான்’, ‘குன்றடி ஜான்’, ‘வில்லியம் மகன் ஜான்’, ‘சிவப்புத் தலை ஜான்’ என்று அடையாளம் சொன்னார்கள். இந்த அடைகள் அந்த ஆளோடு முடிந்துவிடும். மகன் வேறு தொழில் செய்தால் அவனுக்கு வேறு அடை.

நிலம் வைத்திருந்த நார்மன் குடும்பங்கள் வாரிசுரிமைக்காக முதலில் நிலையான பெயர் வைத்துக்கொண்டன. சுமார் 1200-க்கும் 1400-க்கும் இடையில் அந்த வழக்கம் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் கீழே வரை இறங்கியது. 1379-ல் வசூலித்த தலைவரிப் பட்டியல்களைப் பார்த்தால் மாற்றம் கண்முன் நடப்பது தெரியும்: ஸ்மித் என்று பெயரிருப்பவரின் தொழில் சில இடங்களில் ஸ்மித், சில இடங்களில் வேறு. 1413-ல் வந்த ஒரு சட்டம், சில வகை வழக்குகளில் பிரதிவாதியின் அந்தஸ்து அல்லது தொழில், ஊர் ஆகியவற்றைத் தனியே எழுத வேண்டும் என்றது. பெயரை வைத்துத் தொழிலைச் சொல்ல முடியாத நிலை வந்துவிட்டதை இது காட்டுகிறது. 1538-ல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவால் தேவாலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கிய பிறகு பெயர்கள் மேலும் இறுகின.

எல்லாத் தொழிலும் இருந்தபோது ஸ்மித் மட்டும் ஏன் இவ்வளவு பெருகியது?

ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார் என்பது பாதிக் காரணம்தான். உழவர் ஊருக்கு நூறு பேர் இருந்தார்கள், ஆனால் உழவு தொடர்பான பெயர்கள் இந்த அளவுக்குப் பெருகவில்லை. அடையாளப் பெயர் வேலை செய்ய வேண்டுமானால் அது ஒருவரைப் பிரித்துக் காட்ட வேண்டும். எல்லோரும் உழும் ஊரில் ‘உழவர் ஜான்’ என்றால் யாரென்று தெரியாது. கொல்லர் ஒருவரோ இருவரோதான். ‘ஸ்மித் ஜான்’ என்றால் ஊரே அறியும்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. மற்றத் தொழில்களுக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு சொல் இருந்தது. நெய்த துணியை நனைத்து மிதித்து இறுக்கும் தொழிலாளிக்குத் தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர், வடக்கில் வாக்கர். ஒரே தொழில், மூன்று குடும்பப் பெயர்கள். மாவரைப்பவரும் மில்லர், மில்னர் என்று பிரிந்தார். ஸ்மித் என்ற சொல்லோ நாடு முழுவதும் ஒன்றுதான். எண்ணிக்கை சிதறாமல் ஒரே பெயரின் கீழ் சேர்ந்தது.

ஸ்மித் என்பது சாதிப் பெயரா? எல்லா ஸ்மித்களும் சொந்தக்காரர்களா?

இரண்டும் இல்லை. பல நூறு ஊர்களில், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத பல நூறு குடும்பங்களுக்குத் தனித்தனியே ஒட்டிய பெயர் இது. இதை வைத்துத் திருமணக் கட்டுப்பாடோ பிறப்பால் வரும் மேல்கீழோ கிடையாது. தொழிலிலிருந்து வந்த பெயர் என்றதும் நம் ஊர்ச் சாதிப் பட்டங்களோடு பொருத்திப் பார்க்கத் தோன்றும். அந்தப் பொருத்தம் தவறான முடிவுகளில் கொண்டுபோய் விடும். ஸ்மித் ஒருவர் டெய்லரையோ பேக்கரையோ மணப்பது பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

ஸ்மித் என்று பெயர் இருந்தால் அவர் ஆங்கிலேய வம்சம்தானே?

உறுதியாகச் சொல்ல முடியாது. குறைந்தது மூன்று பெரிய கிளைகள் வெளியிலிருந்து வந்து இந்தப் பெயரில் கலந்திருக்கின்றன.

முதலாவது அயர்லாந்து. ஐரிஷ் மொழியில் ‘கொல்லர் மகன்’ என்று பொருள்படும் மெக்கவன் குடும்பங்கள், முக்கியமாகக் கேவன் மாவட்டத்தில், ஆங்கிலேய ஆட்சியில் ஸ்மித் ஆயின. 1465-லேயே ஒரு சட்டம் டப்ளின், மீத், லவுத், கில்டேர் பகுதிகளில் வாழ்ந்த ஐரிஷ்காரர்கள் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டது. ஊர்ப் பெயராக இருக்கலாம், ஒயிட், பிளாக், பிரவுன் போல நிறமாக இருக்கலாம், ஸ்மித், கார்ப்பென்டர் போலத் தொழிலாக இருக்கலாம் என்று சட்டத்திலேயே உதாரணம் கொடுத்திருந்தார்கள். ஒரு மக்களின் பெயரைச் சட்டம் போட்டுப் பறித்த கதை அது. இன்று ஐரிஷ் ஸ்மித் ஒருவரைப் பற்றி எழுதும்போது அதை நினைவில் வைத்திருப்பது நியாயம்.

இரண்டாவது அமெரிக்காவுக்குப் போன ஷ்மிட்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன் பெயருக்கு எதிரான வெறுப்பு கூடியபோது பலர் ஸ்மித் ஆனார்கள். அந்த வெறுப்பு பிரிட்டிஷ் அரச குடும்பத்தையும் விடவில்லை. 1917 ஜூலையில் ஐந்தாம் ஜார்ஜ் ஜெர்மன் பட்டப் பெயரைக் கைவிட்டு ‘வின்ட்சர்’ என்று மாற்றிக்கொண்டார்.

மூன்றாவது ஆப்பிரிக்க அமெரிக்கர்கள். அடிமை முறை 1865-ல் ஒழிந்த பிறகு, அதிகாரபூர்வமான குடும்பப் பெயர் மறுக்கப்பட்டிருந்த லட்சக்கணக்கானோர் பெயர் பதிந்துகொண்டார்கள். 2010 அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஸ்மித் என்று பதிந்தவர்கள் 24,42,977 பேர், அவர்களில் ஏறக்குறைய 23 சதவீதம் கறுப்பினத்தவர்.

அமெரிக்காவில் குடியேற வந்தவர்களின் பெயரை எல்லிஸ் தீவில் அதிகாரிகள் மாற்றி எழுதிவிட்டார்கள் என்கிறார்களே?

பரவலாக நம்பப்படும் கதை, ஆனால் நடைமுறை அப்படி இல்லை. நியூயார்க் எல்லிஸ் தீவில் இருந்த அதிகாரிகள் கப்பல் நிறுவனம் புறப்பட்ட துறைமுகத்தில் தயாரித்த பயணிகள் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். புதிதாகப் பெயர் எழுதித் தரும் வேலை அவர்களுக்கு இல்லை. வேலை தேடும்போதும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போதும், குடியுரிமை வாங்கும்போதும் குடும்பங்களே பெயரை மாற்றிக்கொண்டன.

ஸ்மித், ஸ்மைத் இரண்டும் ஒன்றா?

மூலம் ஒன்று, எழுத்து வேறு. நடுவில் ‘ஐ’ எழுத்து வருவது சாதாரண வடிவம். ‘ஒய்’ வந்து ‘எச்’-சில் முடிந்தால் ஸ்மித் என்றும் சொல்வார்கள், ஸ்மைத் என்றும் சொல்வார்கள், அந்தக் குடும்பத்தைக் கேட்டால்தான் தெரியும். ‘ஒய்’ வந்து கடைசியில் ‘இ’-யும் இருந்தால் பெரும்பாலும் ஸ்மைத். எழுத்துக்கூட்டல் நிலைபெறாத காலத்தில் ‘ஐ’-யையும் ‘ஒய்’-யையும் மாற்றி மாற்றி எழுதியதன் மிச்சம் இது. ஒரே மனிதரின் பெயர் இரண்டு பதிவேட்டில் இரண்டு விதமாக இருக்கும். டச்சு, தென்னாப்பிரிக்க ஆஃப்ரிக்கான்ஸ் பெயரான ‘ஸ்மிட்’-டை ஸ்மித் என்று திருத்திவிடாதீர்கள், அது தனிப் பெயர். வட இந்தியப் பெயரான சுமித்தும் அப்படியே.

ஸ்மித் கலந்த மற்றக் குடும்பப் பெயர்கள் எவை?

ஸ்மித்சன் (ஸ்மித்தின் மகன்), கோல்ட்ஸ்மித், ஆரோஸ்மித் (அம்பு முனை அடிப்பவர்), ஷூஸ்மித் (குதிரை லாடம் அடிப்பவர்), நேஸ்மித் (கத்தி அடிப்பவர்). சிக்ஸ்ஸ்மித்தில் ஆறு என்ற எண்ணுக்கு வேலையில்லை, அது அரிவாள் அடிப்பவர்.

கார்ன்வால் பகுதியில் அங்கோவ் என்றொரு பெயர் உண்டு. கார்னிஷ் மொழியில் ‘அன் கோஃப்’ என்றால் ‘கொல்லர்’. 1497-ல் வரிக்கு எதிராகக் கார்ன்வால் மக்களை லண்டன் வரை நடத்திச் சென்ற மைக்கேல் ஜோசஃப், செயின்ட் கெவர்ன் ஊர்க் கொல்லர். மைக்கேல் அன் கோஃப் என்றுதான் அவரை அங்கே இன்றும் சொல்கிறார்கள். அந்த ஆண்டு ஜூன் 27 அன்று லண்டனில் தூக்கிலிட்டார்கள். தொழில் ஒருவரின் அடையாளமாக ஒட்டிக்கொள்ளும் கட்டத்தை இந்தப் பெயரில் பார்க்கலாம்.

ஐரோப்பா முழுக்க இந்தப் பொருளில் பெயர்கள் உண்டு: ஃபிரான்ஸில் லஃபெவ்ர், இத்தாலியில் ஃபெராரி, ஹங்கேரியில் கோவாச், போலந்தில் கோவால்ஸ்கி, ரஷ்யாவில் குஸ்நெட்சோவ். அரபு நாடுகளில் ஹத்தாத்.

ஸ்மித் என்று தொடங்கும் இடப்பெயர்கள் எல்லாம் இந்தக் குடும்பப் பெயரிலிருந்து வந்தவையா?

ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். லண்டனின் பழைய இறைச்சிச் சந்தையான ஸ்மித்ஃபீல்டுக்கும் கொல்லருக்கும் சம்பந்தமில்லை. மேடுபள்ளம் இல்லாத சமவெளி என்ற பொருளில் இருந்த பழைய சொல் திரிந்தது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஸ்மித் ரோட்டில் இருப்பது ஆள் பெயர். பழமுதிர் கடைகளில் பச்சையாக அடுக்கியிருக்கும் கிரானி ஸ்மித் ஆப்பிளிலும் ஆள் பெயர்தான். சிட்னி அருகே ஈஸ்ட்வுட்டில் 1868 வாக்கில் அந்த மரத்தை வளர்த்தவர் மரியா ஆன் ஸ்மித். மின்னணுப் பொறியியல் மாணவர்கள் வரையும் ஸ்மித் சார்ட், 1939-ல் அதை வெளியிட்ட பிலிப் ஸ்மித்தின் பெயரைக் கொண்டது.

வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பெயர் ஸ்மித்சனிலிருந்து வந்தது. ஜேம்ஸ் ஸ்மித்சன் பிறந்தபோது அவர் பெயர் ஜேம்ஸ் மேசி. அவர் தாயைத் திருமணம் செய்துகொள்ளாத தந்தை, நார்தம்பர்லேண்ட் பிரபு ஹ்யூ பெர்சி. அந்தப் பிரபுவே பிறப்பில் ஹ்யூ ஸ்மித்சன். பெரிய இடத்தில் மணம் முடித்து மனைவி வீட்டுப் பெயரான பெர்சியை எடுத்துக்கொண்டவர். மகன், தாய் இறந்த பிறகு, தந்தை கழற்றிப்போட்ட ஸ்மித்சனைத் தன் பெயராக்கிக்கொண்டார். வேதியியல் ஆய்வாளரான அவர் பெயரில் ஸ்மித்சோனைட் என்ற துத்தநாகக் கனிமமும் இருக்கிறது. அமெரிக்காவில் காலே வைக்காதவர், தன் சொத்தை அங்கே அறிவு வளர்ச்சிக்கு எழுதிவைத்தார். 1846-ல் நிறுவனம் அமைந்தது.

ஆங்கிலக் கடிதத்தில் ஜான் ஸ்மித்தை எப்படி விளிப்பது?

முறையான கடிதத்தில் ‘டியர் மிஸ்டர் ஸ்மித்’. ‘மிஸ்டர் ஜான்’ தவறு. நம் வழக்கத்தில் மிஸ்டர் முருகன் சரி, ஏனென்றால் முருகன் அவருடைய சொந்தப் பெயர், நமக்கு அதுதான் முதன்மை. ஆங்கிலத்தில் மிஸ்டர், டாக்டர், புரஃபசர் எல்லாம் குடும்பப் பெயரோடு ஒட்டுபவை. ‘ஸ்மித் சார்’ என்று சேர்த்துச் சொல்லும் வழக்கமும் அங்கே இல்லை.

பெண்ணுக்கு, மணமானவரா என்று தெரியாவிட்டால் எம், எஸ் என்ற இரண்டெழுத்துச் சுருக்கம் பாதுகாப்பானது. ஆணா பெண்ணா என்றே தெரியாவிட்டால் முழுப்பெயர்: ‘டியர் அலெக்ஸ் ஸ்மித்’. அவர் பதில் கடிதத்தில் வெறும் ‘ஜான்’ என்று கையெழுத்திட்டால் அடுத்த முறை நீங்களும் ‘டியர் ஜான்’ எழுதலாம். எழுதாவிட்டால்தான் விலகி நிற்பதாகத் தோன்றும். ‘டியர் ஸ்மித்’ என்று அடைமொழி இல்லாமல் விளிப்பது பழைய பள்ளி, ராணுவ வழக்கம், இன்று முரட்டுத்தனமாகப் படும். பிரிட்டனில் அறுவை மருத்துவர்களை டாக்டர் என்னாமல் மிஸ்டர், மிஸ் என்றே அழைப்பார்கள். அங்கே அது மரியாதைக் குறைவு ஆகாது.

‘சர் ஸ்மித்’ சரியா?

தவறு. தமிழ்ச் செய்திகளில் அடிக்கடி காணும் பிழை இது. சர் பட்டம் சொந்தப் பெயரோடு மட்டும் ஒட்டும்: சர் ஜான் ஸ்மித், சுருக்கமாகச் சர் ஜான். பெண்களுக்கு டேம்: டேம் மேகி ஸ்மித், டேம் மேகி. சர் பட்டம் பெற்றவரின் மனைவிக்கோ இதற்கு நேர்மாறு, குடும்பப் பெயரோடு லேடி ஸ்மித்.

இந்த விதி ஓர் ஊரின் பெயராகவே நிற்கிறது. பஞ்சாபின் அலிவால் போரில் 1846 ஜனவரியில் வென்ற தளபதி சர் ஹாரி ஸ்மித், பிறகு தென்னாப்பிரிக்காவின் கேப் காலனி ஆளுநரானார். அவருடைய ஸ்பானிய மனைவி ஹுவானா பெயரால் நட்டாலில் லேடிஸ்மித் என்ற ஊர் அமைந்தது. 1899-ல் டச்சு வம்சக் குடியேறிகளான போயர்கள் அதை முற்றுகையிட்டபோது, மீட்கப் போன படையின் காயம்பட்டோரைச் சுமக்கக் காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படை சென்றது. ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்குப் போயிருந்த தமிழர்களும் அந்தப் படையில் இருந்தார்கள்.

பன்மையிலும் உடைமையிலும் எங்கே தவறு நடக்கிறது?

ஸ்மித் குடும்பத்தாரை ஆங்கிலத்தில் ‘தி ஸ்மித்ஸ்’ என்பார்கள். இங்கே எஸ்-சுக்கு முன்னால் அப்பாஸ்ட்ரஃபி கிடையாது. வாழ்த்து அட்டையிலும் வீட்டுப் பெயர்ப் பலகையிலும் ஆங்கிலேயர்களே இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஒரு ஸ்மித்தின் வீடு என்றால் எஸ்-சுக்கு முன் அப்பாஸ்ட்ரஃபி, ஸ்மித் குடும்பத்தாரின் வீடு என்றால் எஸ்-சுக்குப் பின். பெயரே எஸ்-சில் முடிந்தால் பன்மைக்கு ‘இஎஸ்’: ஜோன்ஸ் குடும்பத்தார் ‘தி ஜோன்ஸஸ்’. எழுத்தை வெட்டவோ மாற்றவோ கூடாது. கென்னடி பன்மையில் ‘ஒய்’ அப்படியே நிற்கும், ‘ஐஇஎஸ்’ ஆகாது.

குடும்பப் பெயருக்கு முன் ‘எ’, ‘தி’ வருமா?

சாதாரணமாக வராது. வந்தால் பொருள் மாறும். ‘எ மிஸ்டர் ஸ்மித்’ என்றால் ‘ஸ்மித் என்று யாரோ ஒருவர்’, பேசுபவருக்கு அவரைத் தெரியாது. ‘ஷி இஸ் எ ஸ்மித்’ என்றால் அந்தக் குடும்பத்துப் பெண். ‘தி ஆடம் ஸ்மித்’ என்று அழுத்திச் சொன்னால் அந்தப் புகழ்பெற்றவரேதான். ஜான் ஸ்மித் என்ற முழுப்பெயர் நம் குப்பன், சுப்பன் போலப் பொதுப் பெயராகவும் வரும். மாதிரிப் படிவத்தில் அதைப் பார்த்துவிட்டு யார் இவர் என்று தேட வேண்டாம்.

திருமணத்துக்குப் பிறகு பெண் ஸ்மித் ஆகியே தீர வேண்டுமா?

இங்கிலாந்தில் அப்படிச் சட்டம் இல்லை. கணவர் பெயரை எடுப்பது நீண்ட வழக்கம் மட்டுமே. எடுத்தால் திருமணச் சான்றிதழே பாஸ்போர்ட், வங்கி மாற்றத்துக்குப் போதும். இரண்டையும் இணைத்து ஸ்மித்-ஜோன்ஸ் என்று வைத்துக்கொள்பவர்கள் உண்டு. முற்றிலும் புதிய பெயர் வேண்டுமென்றால் ‘டீட் போல்’ என்ற பத்திரம், 16 வயது ஆனவர் தானே எழுதிக்கொள்ளலாம். வாழ்க்கைக் குறிப்பில் பெண் பெயரோடு ‘நே ஸ்மித்’ என்றிருந்தால் பிறந்த வீட்டுப் பெயர் ஸ்மித் என்று பொருள்.

நூல்பட்டியில் எப்படி அடுக்குவது?

குடும்பப் பெயர் முதலில்: ஸ்மித், ஆடம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் நன்கறிந்த வரலாற்றாசிரியர் வி.ஏ. ஸ்மித் ‘ஸ்மித், வின்சென்ட் ஏ.’ என்று ‘எஸ்’ வரிசையில் வருவார். இடையில் கோடு இல்லாத இரட்டைப் பெயர்கள்தான் சிக்கல். பிரிட்டிஷ் அரசியல்வாதி இயன் டங்கன் ஸ்மித்தின் குடும்பப் பெயர் ‘டங்கன் ஸ்மித்’. அவரை ‘டி’ வரிசையில் வைக்க வேண்டும், மிஸ்டர் ஸ்மித் என்றும் எழுதக் கூடாது. சந்தேகம் வந்தால் அவருடைய நாட்டு நூலகப் பட்டியலில் எந்த எழுத்தின் கீழ் இருக்கிறார் என்று பாருங்கள்.

தமிழில் எழுதும்போது வேற்றுமை உருபு எப்படிச் சேரும்?

தகரம் இரட்டிக்கும்: ஸ்மித்தை, ஸ்மித்தால், ஸ்மித்துக்கு, ஸ்மித்தின், ஸ்மித்திடம். ‘ஸ்மிதின்’, ‘ஸ்மித்ற்கு’ இரண்டும் பிழை. குடும்பத்தைச் சொல்ல ‘ஸ்மித் குடும்பத்தார்’ இயல்பாக இருக்கும். கிரந்தம் வேண்டாதவர்கள் ‘சிமித்து’ என்று எழுதுவதுண்டு. அந்த நடையைத் தேர்ந்தால் நூல் முழுக்க ஒரே சீராக எழுதுங்கள், முதல் இடத்தில் வழக்கமான வடிவத்தையும் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தேடுபவருக்கு அகப்படாது.

முதல் குறிப்பில் முழுப்பெயர், அதன்பின் ஸ்மித் மட்டும். ‘ஆடம் கூறுகிறார்’ என்று எழுதும் பாடக்குறிப்புகளைப் பார்க்கிறோம். ஆங்கில வழக்கில் அது நெருங்கிய நண்பர் பேசுவதுபோல் ஆகிவிடும். வினைமுற்றில் ‘ஆர்’ விகுதி இருந்தால் தமிழ் மரியாதைக்கு அது போதும்.

ஒரே செய்தியில் இரண்டு ஸ்மித்கள் வந்தால்?

ஒவ்வொரு முறையும் முழுப்பெயர்: ஸ்டீவ் ஸ்மித், கிரேம் ஸ்மித். முழுப்பெயரும் ஒன்றாக இருந்தால் நடு எழுத்தை விடாதீர்கள். ஜார்ஜ் ஸ்மித் என்ற பெயரில் இரண்டு நோபல் பரிசுக்காரர்கள் உண்டு. ஜார்ஜ் இ. ஸ்மித் 2009-ல் இயற்பியலுக்கு, ஜார்ஜ் பி. ஸ்மித் 2018-ல் வேதியியலுக்குப் பெற்றார்கள். கணவன் மனைவி இருவரும் ஸ்மித் என்றால் திரு, திருமதி சேர்ப்பதைவிட, அந்தக் கட்டுரையில் மட்டும் இருவரையும் சொந்தப் பெயரால் குறிப்பது தெளிவு.

இங்கிலாந்து ஸ்மித் மூதாதையரைத் தேட முடியுமா?

முடியும், பொறுமை அதிகம் வேண்டும். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலிருந்து இந்தக் கேள்வி வருகிறது. தெரிந்த கடைசி ஆளிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போங்கள். நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டினால் வேறொரு ஸ்மித் குடும்பத்துக்குள் நுழைந்துவிடுவீர்கள்; பெரும்பாலான தவறான வம்சாவளிகள் இப்படித்தான் உருவாகின்றன.

இங்கிலாந்து, வேல்ஸில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-ல் தொடங்கியது. அங்குள்ள பொதுப் பதிவு அலுவலகத்தின் இணையப் பட்டியலில் பிறப்புகளுக்குத் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கிறது. ஸ்மித் தேடலில் அதுதான் பிடிகயிறு. தாய் வீட்டுப் பெயர் அரிதாக இருந்தால் வேலை பாதி முடிந்தது. அதுவும் ஜோன்ஸாக இருந்தால் உடன்பிறந்தவர்களில் யாருக்காவது அபூர்வமான பெயர் இருக்கிறதா பாருங்கள், அவரைத் தேடினால் குடும்பம் கிடைக்கும். தந்தையின் தொழில், தெருப் பெயர், சாட்சிக் கையெழுத்து மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கெடுப்புகளில் ஆட்களின் பெயர் கிடைக்கும். 1931 தாள்கள் 1942-ல் தீயில் எரிந்துபோயின, 1941-ல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளிக்கு 1939 பதிவேடு உதவும்.

ஸ்மித் குடும்பச் சின்னம் என்று விற்கிறார்களே?

வாங்காதீர்கள். குடும்பப் பெயருக்கென்று கேடயச் சின்னம் கிடையாது. இங்கிலாந்தில் கேடயச் சின்னங்களைக் கவனிக்கும், 1484-ல் சாசனம் பெற்ற காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ், தனி மனிதருக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும், அல்லது நிறுவனங்களுக்குமே சின்னம் வழங்குகிறது. கோப்பையில் அச்சிட்டு விற்பது யாரோ ஒரு ஸ்மித்துக்குக் கிடைத்தது.

ஸ்மித் போல் குடும்பப் பெயர் இல்லாத தமிழர், படிவத்தில் சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது?

எதை எழுதினாலும் முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள், மற்ற எல்லாப் படிவங்களும் அதற்கு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பாஸ்போர்ட்டே இன்னும் எடுக்கவில்லை என்றால், இனிஷியலை விரித்து எழுதுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் சர்நேமை வெற்றிடமாக விடலாம், ஆனால் அதன் விளைவு தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுதும் சர்நேம் கட்டத்துக்குப் போய், சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ என்று வரும். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. ஓட்டுநர் உரிமம் வரை அது ஒட்டிக்கொள்ளும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்தது. டிக்கெட் எடுக்குமுன் விமான நிறுவனத்திடம் அன்றைய விதியைக் கேட்டுவிடுங்கள்.

ஆய்வுக் கட்டுரை எழுதுவோருக்குத் தனி எச்சரிக்கை. கே. முருகன் தந்தை பெயரான கந்தசாமியைச் சர்நேமாகக் கொடுத்தால், உலகம் அவர் கட்டுரையை ‘கந்தசாமி, எம்.’ என்று மேற்கோள் காட்டும். சான்றிதழ் வேறு, கட்டுரை வேறு என்றாகி, பிறகு சேர்த்துக் காட்டுவது பெரும்பாடு. முருகன் என்பதே மேற்கோளில் வர வேண்டுமானால் இதழின் பதிவில் சர்நேம் கட்டத்தில் முருகனையும், முதற்பெயர் கட்டத்தில் கந்தசாமியையும் கொடுங்கள். முதல் கட்டுரை வெளிவரும் முன்பே ஒரே வடிவத்தை முடிவுசெய்து, ஓர்கிட் எண் (ஆய்வாளருக்கான உலகப் பொது அடையாள எண்) ஒன்றைப் பதிந்து, பின்னர் வரும் ஒவ்வொரு கட்டுரையிலும் அதே வடிவத்தையும் அதே எண்ணையும் கொடுங்கள்.